இளம்புல் வெண்ணெய்

பெட்சுகாய்
2014 டிசம்பர் 9

ஹிசாயோவுக்கு,

வரி ஐந்திலிருந்து எட்டாக ஏறிய வருஷம் இது. ஒந்தாகே மலை வெடித்து, ஏறிப் போனவர்கள் சாம்பலுக்குள் புதைந்த வருஷம். கடைகளில் வெண்ணெய் காணாமல் போய், வீட்டுக்கு ஒரு பொட்டலம் என்று எழுதி ஒட்டிய வருஷம். அப்படி ஒட்டியிருப்பதைக்கூடப் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு உனக்குக் கடிதம் போடுகிறேன். ஹகொதாதேயில் பனி எப்படி? உன் உடம்பு எப்படி? மூட்டுவலி உண்டா?

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். பால் லாரி ஓட்டும் ஓபா எழுதுகிறார். ஒருநாள் விட்டு ஒருநாள் வருவார். எங்கள் தொட்டியிலிருந்து லாரிக்குப் பால் ஏறக் கால் மணி நேரம். என் கடிதத்தின் நீளமும் அவ்வளவுதான்.

என் மகன் இவாவோவை நாலு வயதில் பார்த்திருப்பாய். இப்போது பண்ணை அவனுடையது. மனைவி பெயர் சயோ. பத்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை, மியோ. போன வாரம் சயோ வெண்ணெய் தடவிய ரொட்டியைத் தின்றுவிட்டுக் குழந்தைக்கு முத்தம் கொடுத்தாள். கன்னத்தில் உதட்டின் வடிவத்திலேயே தடித்துச் சிவந்தது. குளிர் என்கிறான் இவாவோ.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். உன் மகன் ஷோஹே இறந்தானே, அன்றைக்கு அவனுக்கு முதலில் வந்தது எது? உதடு வீங்கியதா, மூச்சு அடைத்ததா?

லாரி நிரம்பிவிட்டது. குளிரில் பத்திரமாக இரு.

குமாகிச்சி


ஹகொதாதே
2015 ஜனவரி 8

திரு. இவபுச்சி குமாகிச்சி அவர்களுக்கு,

புது வருஷ வாழ்த்து எழுதக் கை வரவில்லை. உங்கள் கடிதம் மூன்று வாரம் அலமாரியின் மேல் கிடந்தது.

நலம் விசாரித்திருக்கிறீர்கள். நான் நன்றாகவே இருக்கிறேன். உங்கள் தம்பி எய்ஜிதான் நன்றாக இல்லை. என் கணவர் செத்து இருபத்தேழு வருஷம். அதற்கு உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை.

எது முதலில் வந்தது என்று என்னையா கேட்கிறீர்கள்? என் இரண்டு வயதுப் பிள்ளையின் தாடையை நெரித்துப் பிடித்திருந்தது உங்கள் கை. என் இரண்டு தோளையும் பின்னாலிருந்து அமுக்கியிருந்தது உங்கள் அப்பாவின் கை. அவன் முகத்துக்கு அருகில் இருந்தவர் நீங்கள். நானில்லை.

இதை வாசிக்கும் லாரிக்காரரே, நிறுத்தாமல் வாசியுங்கள். இருதயம் பலவீனமான குழந்தை என்று ஊருக்குச் சொல்லிப் புதைத்த வீட்டு வாசலில்தான் உங்கள் லாரி நிற்கிறது.

எய்ஜி மத்துக்கோலால் அடித்த உங்கள் இடது கண் எப்படி இருக்கிறது? பார்வை திரும்பியிருக்காது என்று நம்புகிறேன்.

ஹிசாயோ


பெட்சுகாய்
2015 ஜனவரி 27

ஹிசாயோவுக்கு,

மைனஸ் இருபது. குழாய்கள் வெடிக்கின்றன. நீ சௌக்கியமாக இருப்பது சந்தோஷம். இடது கண் அன்றோடு போனது. வலது கண் போதுமானதாக இருக்கிறது.

உன் கடிதத்தை ஓபா நிறுத்தாமல் வாசித்தார். முடிந்ததும் இறங்கிப்போய் டயரை உதைத்துக்கொண்டு நின்றார். "பெரியவரே, நான் பால் ஏத்துறவன். இதெல்லாம் ஏத்துறதுக்கு வேற ஆளைப் பாருங்க" என்றார். ஆனாலும் இன்று வந்து பேனாவை எடுத்திருக்கிறார்.

எங்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், ஓபாவுக்காகச் சொல்கிறேன். மே மாதம் மாடுகள் கொட்டகையிலிருந்து முதல்முதலாக மேய்ச்சலுக்குப் போகும். அந்த இளம்புல் பாலை வீட்டிலேயே கடைந்து, மஞ்சளாக வரும் வெண்ணெயை மரக்கரண்டியில் எடுத்து, வீட்டின் மூத்த பிள்ளை வீட்டின் கடைக்குட்டிக்கு ஊட்ட வேண்டும். இந்த மே மாதம் கடைக்குட்டி மியோ. ஊட்டப்போகிறவன் இவாவோ.

சயோ பால் கலக்காத சோயா வெண்ணெய் ஒரு டப்பா தபாலில் வரவழைத்தாள். முந்தாநாள் இவாவோ அதைக் கொட்டகைச் சுவரில் அடித்து உடைத்தான். "எண்பது மாடு கட்டி வச்சிருக்கிறவன் வீட்டு மேசையில சோயாவா? ஊர் சிரிக்கட்டும்னு வாங்கினியா?" என்றான். சயோ, "ஊர் சிரிச்சா நீயும் சேர்ந்து சிரி, பிள்ளை செத்தா யாரு கூடச் சேர்ந்து அழுவே?" என்றாள். கன்னத்தில் ஓங்கி அறைந்தான். மாடுகள் எல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்தன. நான் சாணி வாரிக்கொண்டிருந்தேன். வாரிக்கொண்டேயிருந்தேன்.

அன்றைக்கு நான் அறியாமல்தான் செய்தேன். அதை நீ நம்ப வேண்டும். எது முதலில் வந்தது என்று தயவுசெய்து சொல்.

குமாகிச்சி


ஹகொதாதே
2015 பிப்ரவரி 20

திரு. குமாகிச்சி அவர்களுக்கு,

குளிர் குறையவில்லை. எனக்கு ஒன்றுமில்லை. சயோ என்ற அந்தப் பெண்ணுக்காக எழுதுகிறேன்.

பால் மிஞ்சிப்போய், யாரும் எடுத்து விற்றுவிடக் கூடாதென்று பால் சங்கம் சிவப்புச் சாயம் கலந்து கொட்டச் சொன்ன வருஷம் அது. நாங்கள் வந்து இறங்கியபோது உங்கள் வீட்டுப் பள்ளத்தில் பால் ரத்தம்போல் ஓடிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் வந்திருக்கவே கூடாது என்று எய்ஜியிடம் சொன்னேன். அவர் தான் வேலை செய்த தொழிற்சாலையின் மார்கரின் டப்பா ஆறைக் கொண்டுபோய் மேசையில் அடுக்கினார். பரிசாம்.

"நாங்க பாலுக்குச் சாயம் போட்டு மண்ணுல ஊத்துறோம். நீ எண்ணெயை டப்பாவுல அடைச்சு வெண்ணெய்னு கொண்டாந்து வைக்கிறியா?" என்றீர்கள்.

"அண்ணே, பிள்ளைக்குப் பால் ஒத்துக்கலை. மார்கரின்ல பால் இல்லை, அதான்" என்றார் அவர்.

"பால்காரன் வீட்டுப் பேரனுக்குப் பால் ஒத்துக்கலையா? அப்ப இது யார் பிள்ளைடா?" என்றீர்கள். உங்கள் அப்பா சிரித்தார்.

அத்தான் வேண்டாம், உதடு வீங்கும் என்று மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை கரண்டி உள்ளே போய்விட்டது.

முதலில் உதடு. உடனே. பிறகு குரல், நாய்க்குட்டி குரைப்பதுபோல. பிறகு கழுத்தெல்லாம் தடிப்பு. கடைசியில் மூச்சு. அடுப்பில் வைத்த கெட்டில் கொதிக்கும் நேரம்தான். ஆஸ்பத்திரி அப்போது நாற்பது கிலோமீட்டர். வழியில் என் மடியிலிருந்த எடை மாறியது எனக்குத் தெரிந்தது. எய்ஜியிடம் சொல்லாமல் ஆஸ்பத்திரி வரை அப்படியே வைத்திருந்தேன். ஒன்பது வருஷம் குடித்துவிட்டு அவர் ஒரு ஜனவரி மாதம் துறைமுகத்துத் தண்ணீரில் இறங்கினார்.

கேட்டதைச் சொல்லிவிட்டேன். இனி உங்கள் மகனிடம் நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வாயால்.

ஹிசாயோ


பெட்சுகாய்
2015 மார்ச் 12, வியாழன்

ஹிசாயோவுக்கு,

வெயில் வந்துவிட்டது. கூரைப் பனி சரிந்து விழுகிறது. நீயும் கொஞ்சம் வெளியே நடந்து பார்.

இவாவோவிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் ஒரு காரியம் செய்தேன். உன் கடிதத்தில் எய்ஜி சொன்னதை ஓபாவைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். மார்கரினில் பால் இல்லை. அன்றைக்கே அவன் சொல்லியிருக்கிறான், நான்தான் கேட்கவில்லை. ஆறு டப்பாவையும் பன்றிக்குப் போட்டவன் நான். நேற்று சங்கத்துக் கடைக்குப் போய், எழுபத்தாறு வயதில் முதல்முறையாக மார்கரின் வாங்கினேன். கடைக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தாத்தா, உங்க மாடுங்களுக்குத் தெரியுமா?" என்றாள். டப்பாவை நன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் எடுத்தேன். மாட்டுப் படம் இருந்ததை வைத்துவிட்டேன். சோளக்கதிர்ப் படம் போட்டதை எடுத்துக்கொண்டேன்.

வீட்டு வெண்ணெய் ஜாடியைக் கிணற்றடியில் கவிழ்த்துவிட்டேன். இவாவோ சட்டைக் காலரைப் பிடித்து முறுக்கினான். "கிழவனுக்குப் புத்தி கலங்கிருச்சு" என்றான். பரவாயில்லை. அந்த டப்பாவை என் அறையில் ஒளித்து வைத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை சயோ பல் டாக்டரிடம் போகிறாள். மியோவுக்கு என் கையாலேயே ரொட்டியில் தடவிக் கொடுக்கப்போகிறேன். பிள்ளை அதைத் தின்று பழகிவிட்டால் மே மாதம் வெண்ணெய்ப் பேச்சே எழாது.

எய்ஜி கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பான்.

குமாகிச்சி


ஹகொதாதே
2015 மார்ச் 14, சனி, விரைவுத் தபால்

கொடுக்காதீர்கள். இப்போது விற்கும் மார்கரினில் பெரும்பாலானவற்றில் ருசிக்காகப் பால் பொடி சேர்க்கிறார்கள். படம் எதுவாக இருந்தாலும் அப்படித்தான். எய்ஜியின் தொழிற்சாலை செய்தது வேறு. டப்பாவின் பின்பக்கத்தைச் சயோவை வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் தொலைபேசி எண் பதிவில் இல்லை என்கிறார்கள். ஓபா அவர்களே, உறையைப் பார்த்ததும் பிரித்து வாசியுங்கள். நான் எழுதியிருக்க வேண்டும், எழுதாமல் விட்டுவிட்டேன். கொடுக்காதீர்கள்.

ஹிசாயோ


பெட்சுகாய்
2015 மார்ச் 18

ஹிசாயோ அம்மாவுக்கு,

நான் ஓபா. நலமா என்று கேட்டு எழுதப் பழக்கமில்லை, மன்னிக்கவும்.

உங்கள் விரைவுத் தபால் திங்கட்கிழமை பிற்பகல் வந்தது. பெரியவர் காலை பத்து மணிக்கே கொடுத்துவிட்டார். குழந்தை பிழைத்துவிட்டது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். என் லாரி அப்போது முற்றத்தில் நின்றது. பெரியவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "உதடு, ஓபா, உதடு" என்று மட்டும் சொன்னார். குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பால் முற்றமெல்லாம் கொட்ட, மூடி திறந்த லாரியில் ஊர் மருத்துவமனைக்குப் பறந்தோம். அங்கே ஊசி போட்டு, குஷிரோ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

இவாவோ வந்தான். கடையும் பீப்பாயிலிருந்து மத்துக்கோலை உருவினான். நான் அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்தேன். அவன் என்னையும் இழுத்துக்கொண்டே போய் அடித்தான். பெரியவர் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. காரை எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டு விலா எலும்பும் போயிற்று.

இதைவிட மோசமானது ஒன்று. பால்தான் காரணம் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். இவாவோ கேட்கவில்லை. "டவுன்ல படிச்ச பொடியனுக்கு என்ன தெரியும்? விஷம் அந்த எண்ணெய். வெண்ணெய் தின்னு எங்க பரம்பரையில யாரு செத்தா? மே மாசம் காட்டுறேன்" என்கிறான். சயோ பிறந்த வீட்டுக்குப் போகக் கிளம்பினாள். கார் சாவியை எடுத்து வைத்துக்கொண்டான்.

பரம்பரையில் யார் செத்தார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்ல வேண்டியவன் நானில்லை என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

ஓபா


ஹகொதாதே
2015 ஏப்ரல் 6

திரு. குமாகிச்சி அவர்களுக்கு,

எலும்பு கூடி வருகிறதா? குழந்தைக்கு எப்படி இருக்கிறது?

திங்கட்கிழமை நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. மார்கரினில் பால் இல்லை என்ற எய்ஜியின் வார்த்தையை எழுதிவிட்டு, அது அந்தக் காலத்து டப்பா என்று எழுதாமல் விட்டேன். அதனால் இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். கீழே பால் என்பதைக் குறிக்கும் ஒற்றை எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். மேலே ஒரு கை. அதற்குக் கீழே ஒரு பிள்ளை. பக்கத்தில் ஒரு கொக்கி. டப்பாவின் பின்னால் இது இருந்தால் வைத்துவிடுங்கள். வெண்ணெயில் இருக்கும். மார்கரினில் அநேகமாக இருக்கும். சோயா வெண்ணெய் என்றாலும் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

முப்பத்தைந்து வருஷமாக என் மேசையில் வெண்ணெய் ஏறியதில்லை. கடையில் அந்த மஞ்சளைப் பார்த்தால் உங்கள் பெருவிரல் நினைவுக்கு வரும்.

இன்னொன்று. உங்கள் முதல் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். உதடா, மூச்சா, எது முதலில் என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் அறியாதவன் அப்படிக் கேட்க மாட்டான். அவனுக்கு என்ன ஆனது என்றுதான் கேட்பான். நீங்கள் எதையோ வேறொன்றோடு ஒத்துப்பார்க்கக் கேட்டீர்கள். எதோடு?

ஹிசாயோ


பெட்சுகாய்
2015 ஏப்ரல் 25

ஹிசாயோவுக்கு,

பனி உருகி வழியெல்லாம் சேறு. மியோ வீட்டுக்கு வந்துவிட்டாள். எலும்பு கோணலாகக் கூடியிருக்கிறது. நீ எழுதிய எழுத்தைக் கொட்டகைத் தூணில் கரியால் நூறு தடவை எழுதிப் பார்த்தேன். இப்போது கண்ணை மூடினாலும் வருகிறது. கை, பிள்ளை, கொக்கி.

கேட்டாய். சொல்கிறேன்.

கொரியாவில் சண்டை தொடங்கிய வருஷம். எனக்குப் பன்னிரண்டு வயது. எனக்குப் பின்னால் எய்ஜி, அவனுக்குப் பின்னால் கியோ என்று ஒரு தங்கை. எய்ஜிக்குக்கூட அவளை நினைவில்லை. மாடுகள் மேய்ச்சலுக்குப் போன அன்று அவளுக்கு ஒரு வயது. வீட்டின் மூத்த பிள்ளை நான். கரண்டி என் கையில். சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். உதடு வீங்கியது. நாய்க்குட்டிபோலக் குரைத்தாள். கழுத்து தடித்தது. மூச்சு நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்து, "குளவி கொட்டிருச்சு. நான் பார்த்தேன்" என்றார். மே மாதத்தில் இங்கே ஏது குளவி? ஆனால் அவர் சொன்னால் குளவிதான்.

ஷோஹேவின் தாடையைப் பிடித்தபோது நீ உதடு வீங்கும் என்றாய். அந்த வார்த்தை காதில் விழுந்தது. கியோ நினைவுக்கு வந்தாள். அப்பா உன் பின்னால் நின்று என்னைப் பார்த்தார். இப்போது நிறுத்தினால் குளவி இல்லை என்றாகிவிடும். கியோவைக் கொன்றது நான் என்றாகிவிடும். அதனால் நிறுத்தவில்லை. அறியாமல் செய்தேன் என்று உனக்கு எழுதவைத்தது பொய்.

ஓபா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எடுக்கச் சொன்னேன். லாரி நிரம்பி வெகுநேரம் ஆகிறது, குழாய் சும்மா உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

மே இருபத்தைந்தாம் தேதி மாடுகளை வெளியே விடுகிறோம்.

குமாகிச்சி


ஹகொதாதே
2015 மே 8

அத்தானுக்கு,

செர்ரி பூத்து முடிந்துவிட்டது. உங்கள் கடிதத்தை ஷோஹே படத்துக்கு முன்னால் வைத்து வாய்விட்டு வாசித்தேன். பிறகு கையில் கிடைத்த பாத்திரத்தையெல்லாம் தரையில் அடித்தேன். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

மேலே எழுதியிருக்கும் வார்த்தையை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கூப்பிட வேறு வார்த்தை இல்லை.

சோயா வெண்ணெய் ஆறு டப்பா அனுப்பியிருக்கிறேன். எய்ஜி கொண்டுவந்ததும் ஆறு. பின்பக்கத்தை நான் பார்த்துவிட்டேன். நீங்களும் பாருங்கள்.

நான் வர மாட்டேன். அந்தச் சமையலறையில் என்னால் நிற்க முடியாது. எனக்குச் சொன்னதை அங்கே சொல்லுங்கள். சொல்லாமல் அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால், கொட்டகையோடு உங்களைக் கொளுத்துவேன். அறுபத்து நாலு வயதில் எனக்கு இழக்க ஒன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரையாவது.

ஹிசாயோ


பெட்சுகாய்
2015 மே 29

ஹிசாயோவுக்கு,

புல் முழங்கால் வரை வந்துவிட்டது. உன் உடம்பு நலமாக இருக்க வேண்டும். நான் பேசுவது தெளிவாக இல்லை என்கிறார் ஓபா. வாயில் பல் இல்லை. அவர் புரிந்துகொண்ட மட்டும் எழுதுகிறார்.

டப்பாக்கள் வந்தன. ஆறையும் திருப்பி எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். கை இல்லை, பிள்ளை இல்லை, கொக்கி இல்லை.

இருபத்தைந்தாம் தேதி மாடுகள் கன்றுகள்போலத் துள்ளிக்கொண்டு வெளியே ஓடின. மறுநாள் காலை இவாவோ தானே கடைந்தான். சயோ மியோவை மார்போடு அணைத்துச் சுவரோடு ஒட்டி நின்றாள். அவன் கரண்டியோடு போனான். நடுவில் போய் நின்றேன்.

"அப்பா, விலகு."

"ஷோஹே இருதயத்துல சாகலைடா. நான் கொன்னேன். இதே கரண்டி, இதே மேசை."

"அவளுக்குப் பரிஞ்சு கதை கட்டுறியா?"

"உனக்கு ஒரு அத்தை இருந்தா, கியோன்னு. அவளையும் நான்தான். குளவின்னாரு உன் தாத்தா. குளவி இல்லை. வெண்ணெய் தின்னு எங்க பரம்பரையில யாரு செத்தான்னு கேட்டியே. எண்ணிக்கோ."

முகத்தில் குத்தினான். விழுந்தேன். எழுந்தேன். மறுபடி குத்தினான். இந்தமுறை எழ முடியவில்லை. வாயில் கிடந்த பற்களைத் துப்பினேன். அவன் என்னைத் தாண்டிப்போய்ச் சயோவின் தோளை முழங்கையால் சுவரோடு அழுத்தி, இடது கையால் மியோவின் தாடையைப் பிடித்தான். பிள்ளை வாயை இறுக்கிக்கொண்டாள். திறக்கவில்லை.

தரையில் கிடந்தபடியே சொன்னேன்: "அப்படியில்லடா. பெருவிரலை இன்னும் கொஞ்சம் கீழ வை. தாடை மூட்டுல அழுத்து. தானா திறக்கும். நான் அப்படித்தான் வச்சேன்."

அவன் பெருவிரல் கீழே நகர்ந்தது. நகர்ந்து, நின்றது. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். கன்னத்தில் விரல் பட்ட இடமெல்லாம் சிவந்து தடிக்கத் தொடங்கியது. கடைந்த கை அல்லவா. கரண்டி தரையில் விழுந்தது. "துடை, சயோ, துடை" என்று கத்திக்கொண்டே தன் கையைச் சட்டையில் தேய்த்தான். பிறகு வெளியே ஓடினான். தொட்டித் தண்ணீரில் கையை முக்கிப் பிரஷால் தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. தோல் உரிந்து ரத்தம் வரும்வரை தேய்த்திருக்கிறான்.

சயோ ஈரத்துணியால் துடைத்து மருந்து கொடுத்தாள். தடிப்பு உதட்டுக்கு வரவில்லை. கரண்டியையும் மத்துக்கோலையும் அடுப்பில் வைத்தது அவள்தான்.

இவாவோ என்னோடு பேசுவதில்லை. டிராக்டர் கொட்டகைப் பக்கத்து அறைக்கு என் படுக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டான். வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் வெட்டுவேன் என்று சயோவிடம் சொல்லியனுப்பினான். செய்வான். ஆனால் பால் கறந்து முடித்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்ட பிறகுதான் இப்போது மியோவைத் தூக்குகிறான். எல்லாம் ஜன்னல் வழியாகத் தெரிகிறது. சமையலறை மேசையில் உன் டப்பா இருப்பதும் தெரிகிறது.

எங்கள் வீட்டில் பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் மூன்று பேர். மூன்று பேருக்கும் என் கையால் ஊட்டினேன். ஒரு வயதுக் கியோ, கொரியாவில் சண்டை தொடங்கிய வருஷம். இரண்டு வயது ஷோஹே, பாலுக்குச் சாயம் போட்ட வருஷம். மூன்றாமவள் இன்று காலை ரொட்டித் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நாலு அடி நடந்து, விழுந்து, எழுந்து, மண் ஒட்டிய ரொட்டியை நாயிடம் நீட்டினாள். ஓபா லாரியை நிறுத்திவிட்டு அவள் நகரும்வரை காத்திருந்தார். உயிரோடு மிச்சம் இருப்பவள் அவள்தான். மியோ.